பதினாறு கோடுள்ள கொடி

தொடர்ந்து மூன்று வருடம் ஒரு கள்ளக் கப்பலையும் பிடிக்காத சுங்கக் கப்பலுக்குக் கொட்டகையில் இடமில்லை. எங்கள் மாதிரிப் பாய்க்கப்பல் கழகத்தின் விதி அது. சிட்னியின் மேற்கே, லிட்கம்மிலிருந்து கார் ஓட்டத்தில் பத்து நிமிடத் தூரத்தில் உள்ள பூங்கா ஏரியொன்றின் கரையில் கழகத்தின் தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் ஆறு தட்டுகள். பழைய காலத்துக் கப்பல்களின் மாதிரிகள் மட்டுமே அந்தத் தட்டுகளில் இருக்கலாம். ஆறாவது தட்டு என் கப்பலுக்கு உரியது. நான் சொல்லப்போகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது மூன்றாவது வருடத்தில் நின்றது. முதல் இரண்டு வருடமும் வெறுங்கை.

தட்டுப் போனால் கப்பல் வீட்டுக்கு வரவேண்டும். எங்கள் வீடு இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி யூனிற். கப்பலின் நீளம் நாலு அடிக்கு மேல், பாய்மரத்தோடு உயரமும் ஏறத்தாழ அவ்வளவு. மனைவி முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“ஒண்டில் கப்பல் இருக்கும், இல்லாட்டிச் சாப்பாட்டு மேசை இருக்கும். ரெண்டும் இருக்காது. நீங்களே யோசியுங்கோ.”

நான் யோசித்தேன். பக்கத்து ஆரம்பப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது மட்டுமே தோன்றியது. அங்கே அது ஓர் அலமாரியின் மேல் தூசி பிடித்து நிற்கும். தண்ணீரையே காணாது.

அது எப்படிப்பட்ட கப்பல் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் துறைமுகக் காகிதங்களோடுதான் இருந்தேன். எந்தக் கொள்கலனில் என்ன சரக்கு, யார் அனுப்பினார், யார் பெறுகிறார், சுங்கத்துக்கு என்ன சொல்லப்பட்டது என்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை. ஓய்வு பெற்றபின் சுங்கத்தின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். அந்த வழியில்தான் அமெரிக்காவின் ‘ரெவெனியூ கட்டர்’ எனப்படும் சுங்கக் காவல் கப்பல்களிடம் போய்ச் சேர்ந்தேன்.

1790 ஆகஸ்ட் 4. அன்றுதான் அந்தக் கப்பல்களுக்கான சட்டம் கையெழுத்தானது. அந்தப் புது நாட்டிடம் அப்போது கடற்படை இல்லை. சுதந்திரப் போரின் கடன் மட்டும் இருந்தது. வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதித் தீர்வையிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆனால் தீர்வையை ஏய்ப்பது அந்தக் கரையோர மக்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம், பிரிட்டிஷ் அரசு இருந்த காலத்தில் அதை ஒரு வீரமாகவும் நினைத்திருந்தார்கள். ஆகவே பத்துச் சின்னக் கப்பல்கள் கட்டப்பட்டன. கரையிலிருந்து நாலு லீக், அதாவது பன்னிரண்டு மைல் அளவு தூரத்துக்குள் வருகிற எந்தக் கப்பலிலும் ஏறி, சரக்குப் பட்டியலைச் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரம் அவற்றுக்கு இருந்தது. நான் மேசையில் செய்ததை அவர்கள் அலையில் செய்தார்கள்.

என்னைப் பிடித்துப்போட்டது வேறொரு செய்தி. அந்தக் கப்பல்களின் தலைவர்களுக்கு அரசு ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பியிருந்தது. நம் நாட்டார் சுதந்திரமானவர்கள், அதிகாரத் தோரணையைப் பொறுக்கமாட்டார்கள், ஆகவே மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்பது அதன் சாரம். கடலில் அரசின் காவல் படகு தெரிந்தால் பயந்து பேச்சை நிறுத்திவிடுகிற கரையில் பிறந்தவன் நான். அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பிறகு ஹார்டுவேர் கடைக்குப் போய் மரம் வாங்கினேன்.

கழகத்தில் வருடத்துக்கொரு முறை ‘கள்ளக் கப்பல் ஞாயிறு’ நடக்கும். தொடக்க கால உறுப்பினர்களில் ஒருவர் அமெரிக்க மாலுமி. அவர் எழுதிவைத்த விதிகள் இன்னும் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன. கள்ளக் கப்பல் ஏரியின் நடுத் தீவிலிருந்து புறப்படும். கரையில் மூன்று படித்துறைகள் உண்டு. பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்றில் அது சேரவேண்டும். கரையைச் சுற்றி வெள்ளை மிதவைகள் இருக்கும். அவைதான் நாலு லீக் எல்லை. அதற்குள் வைத்துச் சுங்கக் கப்பல் அதைத் தொட்டுவிட்டால் பிடிபட்டது. ஆனால் தொடுவதற்கு முன் சுங்கக் கப்பல் தன் கொடியை உச்சிவரை ஏற்றியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ரிமோட்டில்தான் ஓடும். இயந்திரம் கூடாது, காற்று மட்டுமே.

முதல் வருடம் என் சுக்கானில் நீர்ப்பாசி சிக்கியது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இரண்டாம் வருடம் தொட்டேன். மிதவைக்குள் வைத்து, ஒன்பதாவது நிமிடத்தில், கள்ளக் கப்பலின் பின்புறத்தில் என் கப்பலின் முன்முனையான அணியம் போய் முட்டியது. கைதட்டினார்கள். பிறகு கழகத் தலைவி வந்தார். எழுபதைத் தாண்டிய ஆஸ்திரேலியப் பெண்மணி, முன்னாள் கணித ஆசிரியை.

“கொடி எங்கே?” என்று கேட்டார்.

நான் விளக்கினேன். என் கப்பல் முதல் பத்தில் ஒன்றின் மாதிரி, அதன் வருடம் 1791. சுங்கக் கப்பல்களுக்கென்று தனிக் கொடி வந்ததோ 1799இல்தான். எட்டு வருடம் கழித்துப் பிறக்கப்போகிற கொடியை நான் எப்படி ஏற்றுவது?

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். “மிகச் சரி. கொடியில்லை, ஆகவே பிடிபடவில்லை” என்றார்.

கள்ளக் கப்பலை ஓட்டியவர் பிளாக்டவுன்காரர், தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியாளர். நாற்பது வயது இருக்கும். லேசரில் வெட்டிய மெல்லிய உடலுடைய கப்பல் அவருடையது. ஏரியில் அதைவிட வேகமானது இல்லை. மூன்று வருடமாக அவரை யாரும் பிடித்ததில்லை. அவர் சிரிப்பை அடக்க முயலக்கூட இல்லை.

“என்ன அங்கிள், கையில சிக்கினவனை வரலாறு பேசி விட்டுட்டீங்களே! நான் ஸ்மக்லர், எனக்கே பாவமா இருக்கு.”

“தம்பி, பிழையான கொடியோட பிடிச்சா அது பிடிச்ச மாதிரி இல்லை.”

“அடுத்த வருஷம் கொடி ஏத்துவீங்களா?”

“1791இல் கொடி இல்லை.”

“அப்ப அடுத்த வருஷமும் நான்தான்” என்று சொல்லிவிட்டுக் கப்பலைக் காரில் ஏற்றினார்.

அன்று மனைவியும் நானும் காரில் வீடு திரும்பினோம். அவள் மன்னார்ப் பக்கத்துப் படகோட்டிக் குடும்பம். நான் காகிதக்காரன். காரை நிறுத்தியபின் கேட்டாள்.

“உங்களுக்குக் கப்பல் முக்கியமோ, வருசம் முக்கியமோ?”

“ரெண்டும்தான்.”

“கொடிய வருசத்துக்கு முன்னால கொண்டுபோக ஏலாது. சரி. கப்பலை வருசத்துக்குப் பின்னால கொண்டுவரலாம்தானே?”

கார்ச் சாவி கையிலிருக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு எளிய வழி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியாது. வருடத்தை ஆணியடித்த சட்டம் போல நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஆனால் பெயர்ப்பலகையில் 1791ஐ அழித்து 1799 என்று எழுதினால் போதாது. அந்த எட்டு வருடத்துக்குள் முதல் கப்பல்களுக்குப் பதிலாகப் பெரியவை கட்டப்பட்டிருந்தன. நீளம் கூடியது, பீரங்கிகள் கூடின. அந்த வருடக் கொடி வேண்டுமானால் அந்த வருட உடல் வேண்டும். ஆகவே குளிர்காலம் முழுவதும் கழகக் கொட்டகையின் ஒரு மூலையில் நின்று, மூன்று வருட உழைப்பை நடுவே அறுத்து, ஒரு சாண் நீளம் சேர்த்து ஒட்டினேன். அறுக்கும்போது வாள் ஓடிய சத்தத்தைக் கேட்க முடியாமல் வானொலியைப் போட்டுக்கொண்டேன். அது வரலாற்றுக்காகச் செய்தது. நீண்ட உடல் தண்ணீரில் வேகமாகவும் போகும் என்பது பிறகு ஏரியில் விட்டபோதுதான் உறைத்தது. மனைவி பழைய பாயைப் பார்த்துத் தலையசைத்தாள்.

“இது பாயில்லை, தலையணை உறை” என்றாள். புதிதாக ஒன்றைத் தானே வெட்டித் தைத்தாள். வயிறு குறைந்த, தட்டையான பாய்.

கொடியும் அவள் கைவேலைதான். சிவப்பும் வெள்ளையுமாகப் பதினாறு கோடுகள், நெட்டுக்குத்தாக. அப்போதிருந்த மாநிலங்கள் பதினாறு. மற்றக் கப்பல்களிலிருந்து பிரித்தறியத்தான் கோடுகளை நிமிர்த்தி வைத்தார்கள். மூலையில் வெள்ளைத் துணியில் கருநீலத்தில் கழுகுச் சின்னம். முதலில் தைத்துத் தந்ததை எண்ணினேன். பதினைந்து.

“ஒண்டு குறையுது.”

“உள்ளங்கை அகலத் துணி. ஆர் எண்ணப்போறது?”

“நான் எண்ணுவன்.”

“உங்களத் தவிர?”

நான் இன்னொரு முறை எண்ணினேன். அவள் தையலைப் பிரித்தாள். இரண்டாவது கொடியில் பதினாறும் இருந்தன. ஆனால் மூலையில் இருந்த பறவை சற்று உருண்டையாக இருந்தது.

“இது கழுகோ, கோழியோ?”

“தூரத்தில பாக்கிறவனுக்குக் கழுகு. கிட்ட வந்து பாக்கிறவன் எப்பிடியும் பிடிபட்டிடுவான்.”

பழைய விளையாட்டுக் கார் ஒன்றின் மோட்டாரைக் கழற்றி, கொடிக் கயிற்றை இழுக்கும்படி பொருத்தினேன். ஏழு தடவை சோதித்ததில் இரண்டு தடவை கொடி பாதி வழியில் சிக்கியது. கயிற்றுக்கு மெழுகு தேய்த்தேன்.

அந்த ஞாயிறும் வந்தது. மார்ச் மாதம். காலையிலிருந்தே தெற்கிலிருந்து காற்று நன்றாக அடித்தது.

“சோழகம் மாதிரியே இருக்குது” என்றாள் மனைவி.

சோழகம் தென்மேற்கிலிருந்து வரும், மாதமும் இதுவல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

தலைவி பரிசோதனைக்கு வந்தார். அளவுகோலால் நீளம் பார்த்தார், என் பெயர்ப்பலகையில் 1799ஐப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டு, கொடியின் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பதினாறில் விரல் நின்றது. அவர் தலையாட்டியதும் நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிளாக்டவுன்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். சென்னையிலிருந்து அவருடைய மாமியார் மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். மூட்டுவலி உள்ளவர். மருமகன் மடக்குக் கதிரையொன்றைக் கொண்டுவந்து, வடக்குக் கரையில் பெரிய அத்தி மரத்தின் கீழ் விரித்து அவரை உட்காரவைத்தார். மாமியாரின் கையில் நீளமான கம்பியில் பொருத்திய போன். என் மனைவி, தான் பொரித்துக் கொண்டுவந்த ரோல்ஸ் டப்பாவோடு அந்தப் பக்கம் போனாள். கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இஞ்சேருங்கோ. இந்த முறை அவரைத் துரத்திக்கொண்டு போகாதேங்கோ.”

“ஏன்?”

“போன முறை தொட்டது அதிட்டம். இந்தக் காத்தில துரத்திப் பிடிக்கேலாது, அவற்ற கப்பல் பறக்குது. ஆனா அவர் எங்க வருவார் எண்டு எனக்குத் தெரியும்.”

“எங்க?”

“மாமியார்ட கதிரை எங்கயோ, அங்க. அந்த அன்ரி வீடியோ எடுக்கிறா, சொந்தக்காரர் குரூப்புக்கு. ‘இங்கயே உக்காருங்க அத்தை, ஃபினிஷ் நல்லா தெரியும்’ எண்டு அவரே சொல்லிப்போட்டுப் போனவராம். மூண்டு துறை இருந்தாலும் அவருக்கு இண்டைக்கு ஒரே துறைதான்.”

எனக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. ரோல்ஸ் கொடுத்து உளவு பார்ப்பது நியாயமா? ஆனால் அந்தக் காலத்துச் சுங்கச் சட்டமே கரையிலிருந்து தகவல் கொடுத்தவருக்குப் பறிமுதலில் ஒரு பங்கு வைத்திருந்தது. அதைச் சொன்னேன்.

“அப்ப எனக்கும் பங்கு இருக்கு” என்றாள். “போங்கோ, அந்த நாணலுக்குப் பின்னால நில்லுங்கோ.”

வாசித்ததெல்லாம் அப்போதுதான் ஒன்றுசேர்ந்தது. அந்தக் கப்பல்கள் நடுக்கடலில் விரட்டித் திரிந்தவை அல்ல. ஆற்று வாய்களிலும் விரிகுடாக்களின் ஓரங்களிலும் இருந்து, சரக்கு கரை சேர வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவை. இரண்டு வருடமாக நான் அதைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, ஏரியில் வந்து நாய் மாதிரித் துரத்தியிருக்கிறேன்.

விசில் ஊதியது. கள்ளக் கப்பல் தீவைவிட்டு வெளியே வந்தது. நான் என் கப்பலை அத்தி மரத் துறைக்கு மேற்கே, நாணல் அடர்ந்த ஒரு முனைக்குக் கொண்டுபோய்ப் பாயைத் தளரவிட்டேன். அது அங்கேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

“அங்கிள், தூங்கிட்டீங்களா?” என்று எதிர்க்கரையிலிருந்து குரல் வந்தது.

அவர் வேண்டுமென்றே கிழக்குத் துறைப் பக்கம் போய், ஒரு வட்டமடித்து, மேற்குத் துறைப் பக்கம் வந்து போக்குக் காட்டினார். நான் அசையவில்லை. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். அவர் இப்படியே மேற்குத் துறையில் ஏறிவிட்டால் என் கப்பல் நேரே பள்ளி நூலகத்துக்குத்தான்.

“பொறுங்கோ” என்றாள் மனைவி.

எட்டாவது நிமிடம் கள்ளக் கப்பல் திரும்பியது. தெற்குக் காற்றை முதுகில் வாங்கி, இரண்டு பாயையும் இறக்கை போல விரித்து, அத்தி மரத்தை நோக்கி நேராக வந்தது. எவ்வளவு அழகாக வந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். வெள்ளை மிதவைகளைத் தாண்டியது.

“இப்ப!”

பாயை இழுத்தேன். காற்று பக்கவாட்டிலிருந்து அறைந்தது. அந்த ஒரு சாண் நீளம் சேர்த்த உடல் நாணலைவிட்டுக் குதித்து வெளியே வந்தது. கொடி விசையை அழுத்தினேன். கயிறு ஏறியது, பாதியில் ஒரு கணம் நின்றது. பிறகு மெழுகு வழிவிட்டது. பதினாறு கோடும் ஒரு கோழியும் உச்சிக்குப் போய் விரிந்து படபடத்தன.

அவர் கண்டுவிட்டார். ஆனால் காற்றை முதுகில் வைத்து ஓடுகிற கப்பலைச் சட்டென்று திருப்ப முடியாது. திருப்பினார். பெரிய பாய் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அடித்து வீசப்பட்டது, கப்பல் தடுமாறி வேகம் இழந்தது. துறைக்கு மூன்று முழம் தூரத்தில் என் அணியம் அதன் விலாவைத் தொட்டது. மரத்தில் மரம் பட்ட சத்தம் கரைவரை கேட்டது.

அந்தப் பழைய அறிவுரைக் கடிதம் ஞாபகம் வந்தது. “தம்பி, தயவுசெய்து பாயை இறக்குங்கோ” என்று மரியாதையாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“இருங்க அங்கிள், இருங்க!” அவர் ஓடி வந்தார். “தொட்டப்ப கொடி பாதிதான் ஏறியிருந்துச்சு. நான் பாத்தேன், நடுவுல நின்னுச்சு.”

“நிண்டது. பிறகு ஏறினது. பிறகுதான் தொட்டது.”

“இல்ல அங்கிள், சாரி.”

தலைவி மேற்குத் துறையில் நின்றிருந்தார். அவர் நின்ற இடத்திலிருந்து நாணல் மறைத்துவிட்டது. கொடி ஏறியதைத் தான் காணவில்லை என்று நேர்மையாகச் சொன்னார். என் பக்கத்தைச் சேராத சாட்சி இல்லாவிட்டால் விதிப்படி பிடிபட்டதாகாது. மற்றவர்கள் கப்பல்களைப் பார்த்தார்களே தவிரக் கொடியைப் பார்க்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் பிடித்துவிட்டு, பதினைந்தாவது நிமிடத்தில் இழந்துகொண்டிருந்தேன்.

அப்போது அத்தி மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

“நான்தான் எல்லாத்தையும் வீடியோ எடுத்துட்டு இருந்தேனே!”

“அத்தை, அது இப்ப வேணாம்…”

“ஏன் வேணாம்? உங்களுக்காகத்தானே மாப்ளே கை வலிக்க எடுத்தேன்? குரூப்ல கூடப் போட்டாச்சு.”

போனை நிழலில் பிடித்துக்கொண்டு கதிரையைச் சுற்றிக் குனிந்து பார்த்தோம். படம் சற்று ஆடியது, ஆனால் தெளிவாக இருந்தது. அதைவிடத் தெளிவாக இருந்தது அதில் கேட்ட அவருடைய குரல். ‘அதோ, நம்ம மாப்ள கப்பல் வருது பாருங்க, என்னமா வருது… ஐயோ, இது யாரோடது, புதருக்குள்ளேர்ந்து? கொடியெல்லாம் ஏத்துறாங்களே… ஏறிடுச்சு, அழகா இருக்கே… அடடா, வந்து முட்டிட்டாங்களே!’

தலைவிக்குத் தமிழ் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கொடி உச்சியில் விரிந்தது. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். மூன்று சொல்லுமுன் கப்பல்கள் முட்டின. நிமிர்ந்து என் கையைக் குலுக்கினார்.

யாரோ விசிலடித்தார்கள். மனைவி கைதட்டவில்லை. இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றாள், ஏதோ அந்த ஏரியே தன்னுடையது போல. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போதும் சரியாகத் தெரியவில்லை.

பிளாக்டவுன்காரர் மாமியாரைப் பார்த்தார். “அத்தை, நீங்க யாரு பக்கம்?”

“கொடி மொதல்ல ஏறிச்சுன்னா ஏறிச்சுதான். அதுக்காக மாத்தியா சொல்ல முடியும்? அந்த அம்மா எனக்குன்னு தனியா மீன் போடாத ரோல்ஸ் வேற கொண்டாந்தாங்க.”

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனிதர். பிடிபட்டவர் பிடித்த கப்பலைச் சுமந்துபோய்த் தட்டில் வைக்க வேண்டும் என்பது சுவரில் தொங்கும் கடைசி விதி. மூன்று வருடமாக யாருக்கும் தேவைப்படாத விதி. அவரே முன்வந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட என் கப்பலைத் தூக்கினார்.

“என்ன அங்கிள், போன வருஷத்தைவிட வெயிட்டா இருக்கு?”

“எட்டு வருசம் கூட, தம்பி.”

ஆறாவது தட்டின் அட்டையில் தலைவி பழைய 1791ஐக் கோடிட்டு, பக்கத்தில் 1799 என்று எழுதினார். நான் என் குறிப்பேட்டைத் திறந்து காற்றின் திசை, பிடித்த நிமிடம், இடம் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“தகவல் தந்தது ஆர் எண்டும் எழுதுங்கோ.”

எழுதினேன். வெளியே கொட்டகை வாசலில் பிளாக்டவுன்காரர் என் கப்பலைத் தோளோடு அணைத்துக்கொண்டு உள்ளே வரத் திரும்பினார். அத்தி மரத்தடியிலிருந்து, கதிரையைவிட்டு எழும்பாமலே, போனை உயர்த்தியபடி மாமியார் கூப்பிட்டார்.

“மாப்ளே, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. கொடி தெரியல!”